யாருக்கு யார் ஜோடி?

பிள்ளை பிறந்த இரண்டே மாதத்தில் பிரிட்டாவின் மூளை சொல்லாமல் கொள்ளாமல் விடுப்பில் போய்விட்டது. மினசோட்டாக் குளிரில் எஞ்சின் உறையாமலிருக்கக் காரில் செருகியிருந்த மின்வயரைக் கழற்றாமலே கிளம்பி, தெருக்கோடி வரை அதை வாலாக இழுத்துக்கொண்டு போனாள். ஊரே பார்த்தது. அவள் மட்டும் பார்க்கவில்லை.

அதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். சனிக்கிழமை சதுர நடனத்தை நினைத்தால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. நான்கு நான்கு ஜோடியாக நின்று ஆடுவார்கள். அடுத்த அடி என்ன என்று மைக்கில் சொல்பவள் அவள். ஜோடிகளைப் பிரித்து, கலைத்து, கடைசியில் அவரவரை அவரவரிடம் சேர்த்துவிட வேண்டும். யாருக்கு யார் என்பது சொல்பவளின் தலையில் இருக்க வேண்டும். அந்தத் தலையோ இப்போது கஞ்சிப்பானை. அவள் சொதப்பினால் மைக்கை வாங்கிக்கொள்ள, அங்கே ஆட வரும் வெர்னன் வருஷக்கணக்காகக் காத்திருந்தார்.

"இன்னும் ஒரு மாசம் போகட்டுமே," என்றான் கணவன் கர்ட், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி.

"இன்னிக்கு விட்டா அந்த மனுஷன் மைக்கை வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடுவாரு. எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான், கர்ட்."

அன்று மாலை அரங்கில் முதல் பாட்டு ஓடியது. வலக்கை கொடுக்கச் சொன்னாள், இடக்கை கொடுக்கச் சொன்னாள், சுற்றச் சொன்னாள். தன் குரலைக் கேட்க அவளுக்கே சந்தோஷமாக இருந்தது. அப்போது மூலையில் கர்ட்டின் மடியில் குழந்தை சிணுங்கியது. திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், தலைக்குள் எல்லாம் காலி.

"பக்கத்துல இருக்கறவங்க தோளைப் பிடிச்சு... ஏப்பம் வர்ற வரைக்கும் முதுகுல தட்டுங்க!"

சொன்னதைச் செய்தே பழகிய கூட்டம். அத்தனை பேரும் தட்டினார்கள். அதுவும் அடுத்தவர் ஜோடியின் முதுகில்.

வெர்னன் ஆட்டத்தை விட்டு நேரே மேடைக்கு வந்து கையை நீட்டினார். "குடும்மா, பாவம் நீ. நான் பாத்துக்கறேன்."

பிரிட்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் மைக்கை விடவில்லை. "இங்க பாருங்க, யாரு யாரோட ஆளுன்னு எனக்குச் சுத்தமா ஞாபகமில்ல. உங்க ஆளை நீங்களே தேடிப் பிடிச்சுக்குங்க!"

அரங்கமே சிரித்தது. "எனக்கு இவரே போதும், மாத்தாதே!" என்று அடுத்தவள் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி கத்தினாள். அதற்குள் எல்லாரும் ஓடி அவரவர் ஜோடியோடு நின்றுவிட்டார்கள். வெர்னனின் மனைவி டெலோரிஸ் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தனியாக நின்றாள்.

"வெர்னன்! இந்த ஹால்ல ஜோடி இல்லாம நிக்கறது நான் ஒருத்திதான். அந்தப் பொண்ணுக்காவது பிள்ளை பெத்து மறந்துபோச்சு. உங்களுக்கு என்ன கேடு?"

வெர்னன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு இறங்கிப் போனார். பிரிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாட்டைப் போடச் சொன்னாள்.