பத்து மணிச் சாவி

பாக்கியலட்சுமி பால்வாடி ஆயாவாகிப் பத்தொன்பது வருஷம். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய தெருவில் அவள் வீடு, இரண்டு வீடு தள்ளி பால்வாடி. சாவி எப்போதும் அவள் இடுப்பில்தான். டீச்சர் கிளியனூரிலிருந்து பஸ் பிடித்து வரப் பத்து மணியாகும். அவர் வந்த பிறகுதான் கதவைத் திறப்பாள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. அவளாகப் போட்டுக்கொண்ட சட்டம், அதில் கொஞ்சம் பெருமை வேறு.

2006 மாசியில் பள்ளிக்கூட வாத்தியார் சுப்ராயன் வந்தார். எட்டாம் வகுப்பு வினோதினி மூன்று வாரமாக வரவில்லையாம்.

"கொஞ்சம் பேசிப் பாருங்கம்மா. இந்த வாரமும் வரலைன்னா பேரை எடுத்துடுவாங்க."

முட்டி வலியோடு நடந்தாள். இந்த நடையே அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. உப்பு சீசன் வந்தால் தாய்மார் விடிவதற்குள் உப்புப் பாத்திக்குப் போய்விடுவார்கள், பெண் பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் படிப்பை நிறுத்தும். வீடு வீடாகப் போய்த் திட்டி வாய் வலித்ததுதான் மிச்சம்.

வினோதினி தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, படிப்பு கசக்குதா?"

"இல்ல ஆயா. அம்மா வர பதினோரு மணி ஆவுது. இவன யார்கிட்ட உடறது?"

"பால்வாடி எதுக்குடி இருக்குது?"

"ஒம்போதே காலுக்கு ஸ்கூல் மணி அடிச்சிடுவாங்க. நீங்க பத்து மணிக்குத்தான தொறக்குறீங்க. லேட்டா போனா தெனமும் வெளிய நிக்க வெக்கிறாங்க. வெக்கமா இருக்குது, படிப்ப நிறுத்திட்டேன்."

குரலில் குறையே இல்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

பாக்கியலட்சுமி இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தாள். இடுப்பில் தம்பி தங்கையோடு பால்வாடி வாசலில் காத்திருந்த சிறுமிகளை இத்தனை வருஷமும் பார்த்துக்கொண்டுதான் டீ குடித்திருக்கிறாள். அவமானமாக இருந்தது.

டீச்சரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டு, மறுநாள் எட்டரைக்கே கதவைத் திறந்தாள். வினோதினி தம்பியை விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடினாள். பின்னாலேயே உப்பள வேலைக்காரி அம்சவள்ளி, கதவு திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு, வரப்போரம் தூங்க வைத்திருந்த மகளைத் தூக்கிக்கொண்டு பாத்தியிலிருந்து வந்தாள். ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவள். படித்த காலத்தில் தங்கச்சியை வைத்துக்கொண்டு இதே வாசலில் உட்கார்ந்திருப்பாள்.

"என்ன ஆயா, இந்நேரத்துக்கே தொறந்துட்டீங்க?"

"புள்ளைங்க ஸ்கூலுக்குப் போவணுமில்ல. இனிமே எட்டரைதான்."

அம்சவள்ளி மகளை இறக்கிவிட்டாள்.

"நல்லது ஆயா. நான் கூட படிக்கிறப்ப இதக் கேக்கலாம்னு பாத்தேன். திட்டுவீங்கன்னு பயந்துகினு கேக்கல."

சொல்லிவிட்டு உப்பு வாரப் போய்விட்டாள்.