மஞ்சுளாவின் சிரிப்பு

மைசூருக்கு வந்தபின் எனக்கு ஒரு புதுச் சிரிப்பு வந்திருக்கிறது. முதல் வாரம் கீரைக்காரர், "யாவ சொப்பு பேக்கு?" என்றார். எந்தக் கீரை வேண்டும் என்று கேட்டிருக்கிறார்; கன்னடத்தில் சொப்பு என்றால் கீரை. விருதுநகர்க்காரியான எனக்கோ அது விளையாட்டுச் சாமான். பதில் தெரியாமல் சிரித்தேன். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு மூன்று வகைக் கீரையைப் பையில் திணித்தார். அந்த வாரம் முழுக்க வீட்டில் மசியல்தான். ஊரில் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியபோது, கொஞ்சம் பேச்சை நிறுத்தமாட்டாயா என்று சக ஆசிரியர்கள் கெஞ்சுவார்கள். இங்கே சொல் வருமுன் பல் தெரிகிறது.

அதனால்தானோ என்னவோ, இங்கே பெரியவர்களுக்காக நான் நடத்தும் மாலை ஆங்கில வகுப்பில் மஞ்சுளாவை எனக்கு உடனே புரிந்துபோயிற்று. குவெம்புநகரில் ரவிக்கை தைப்பவள். மகள் சிந்துவின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் முழுக்க ஆங்கிலம். போன முறை ஒன்றும் விளங்காமல் தலையாட்டிவிட்டு வந்தாளாம். அடுத்த முறையாவது மகளைப் பற்றித் தானே பேச வேண்டும் என்றுதான் சேர்ந்தாள். ஆனால் கேள்வி கேட்டால் கிளுக்கென்று சிரித்துவிடுவாள். விளையாட்டுத்தனம் என்று மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிடும் யோசனையில் இருந்தாள்.

ஒருநாள் அவளைத் தனியாக நிறுத்தி, என்னைப் பார், நானும் கன்னடம் பேசப் பயந்து இப்படித்தான் சிரிக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொல்லப் பார்த்தேன். "நானு பய ஆகுத்தே."

"நானு அல்ல மேடம். நனகே," என்றாள்.

'எனக்கு' என்பதற்கு 'நான்' என்றிருக்கிறேன். அவள் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னேன், மறுபடியும் தப்பு. அவள் சிரிக்கவில்லை, பொறுமையாகக் காத்திருந்தாள். அன்றிலிருந்து எனக்கு ஒரு கன்னட வாக்கியம், அவளுக்கு ஓர் ஆங்கில வாக்கியம் என்று ஒப்பந்தம். இலக்கணத்துக்கு முன்னால் நான் கொடுத்த வாக்கியம், "ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி. ஐ ஆம் லேர்னிங்."

அடுத்த பெற்றோர் கூட்டம் முடிந்த கையோடு மஞ்சுளா போன் செய்தாள். அந்த வாக்கியத்தைச் சொன்னதும் டீச்சர் வேகத்தைக் குறைத்துக்கொண்டாராம். சிந்து கவனிப்பதே இல்லை, எதைக் கேட்டாலும் சிரிக்கிறாள் என்று குறைப்பட்டாராம். அப்போது மஞ்சுளா, நான் கற்றுத்தராத ஒன்றைச் சொல்லியிருக்கிறாள்.

"நோ மிஸ். ஷி இஸ் நாட் லாஃபிங். ஷி இஸ் அஃப்ரெய்ட்."

 அதைக் கேட்ட டீச்சர், சிந்துவை இனித் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வதாகச் சொன்னாராம்.

 ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டு வெகுநேரம் பேசினோம். போனை வைத்த பிறகுதான் உறைத்தது: அவள் முழுக்கக் கன்னடத்தில் பேசியிருக்கிறாள், நான் முழுக்கத் தமிழில். அந்த வேகத்தில், விருதுநகரிலிருக்கும் தங்கையைக் கூப்பிடுவதுபோல, "அடியே" என்றுகூடக் கூப்பிட்டிருக்கிறேன். அதற்கும் அவள், நம் ஊரில் 'ம், சொல்லு' என்பதுபோல, "ஹூம்" என்று பதில் சொல்லியிருக்கிறாள்.