வேட்டியில் ஒட்டிய சிவப்பு நூல்கள்

சென்ற வாரம் வேப்பம்பட்டு ரயில் நிலைய வாசலில் பச்சைக் கொண்டைக்கடலையைச் செடியோடு கட்டி விற்றார்கள். ஒரு கட்டு வாங்கினேன். வீடு சேர்வதற்குள் விரல்களில் புளிப்பு ஏறிவிட்டது. தெருவில் விரலைச் சப்புவது என் வயதுக்கு அழகன்று, ஆயினும் சப்பினேன்.

அந்தப் புளிப்பு இலையில் கசிவது. மார்கழிப் பனி அதில் கலந்து நிற்கும். விடியலில் செடிகளின்மேல் துணி விரித்து, நனைந்ததும் பிழிந்து வைத்துக்கொண்டால் வயிற்று நோவுக்கு மருந்து. அந்த வழக்கம்தான் ஒருமுறை என் மானத்தை வாங்கப் பார்த்தது.

அறுபதுகளின் பிற்பகுதி. கோதுமை கப்பலில் வந்து ரேஷன் வரிசையில் கரைந்த காலம். ஏழை வீட்டுக் குழம்பில் பருப்பு அரிதாயிற்று. நம் குறுகிய பனிக்காலத்திலும் காய்க்கும் கொண்டைக்கடலையை உருவாக்குவது, காக்களூர் ஓரத்துச் சோதனை வயலில் என் உத்தியோகம். பெரிய மணி தரும் வெள்ளைப்பூ இனம் தாய். வெயில் தாங்கும் செம்பூ நாட்டினம் தந்தை. தாய்ச்செடியின் மொட்டைப் பிரித்து, அதன் மகரந்தப் பைகளை இடுக்கியால் நீக்கி, தந்தையின் மகரந்தத்தைத் தடவி, அடையாளமாகக் காம்பில் சிவப்பு நூல் கட்டுவேன்.

கோயில் கைங்கர்யத்தில் இருந்த என் தகப்பனார், "ஊருக்கெல்லாம் நாம முகூர்த்தம் வெச்சுக் குடுக்கறோம். நீ கடலைக்குக் கல்யாணம் பண்ணி வைக்கறயாக்கும்" என்பார். நான் சிரிப்பதில்லை. பட்டதாரி அல்லவா.

ஒரு காலை வயலுக்குப் போனால், களையெடுக்கும் ராஜம்மா என் தாய்ச்செடிகளின்மேலிருந்து கணவனின் வேட்டியை உருவிக்கொண்டிருந்தாள். வேட்டியெங்கும் சிவப்பு நூல்கள்.

"இன்னா சார், மூஞ்சி இப்டி ஆயிட்ச்சி? எங்க ஊட்டுக்காரருக்கு வவுத்து நோவு. பனி புடிச்சிக்கினு போலாம்னு வந்தேன்."

"நூலெல்லாம் போயிடுத்தே, ராஜம்மா."

"கண்ணு படாம இருக்கக் கட்னதுன்னு நெனச்சேன். அவுந்தா வேற கட்டிக்கினா போச்சி."

எந்தக் காயில் கலப்பு என்று இனி எவராலும் சொல்ல இயலாது. விதையைப் பார்த்தும் தெரியாது. அதன் தோல் தாயினுடையதே. எல்லாவற்றையும் மறு பனிக்காலம் விதைத்துக் காத்திருக்க வேண்டும். கலப்பு நிலைத்திருந்தால் தந்தையின் செம்பூ மேலோங்கும்; இல்லையேல் தாயின் வெள்ளை. செம்பூ வராவிட்டால் வயலையே மூடிவிடுவதாக மேலதிகாரி முகத்துக்கு நேரே சொன்னார்.

அந்த ஆண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றில் நோவு கண்டது. ராஜம்மா, பிழிந்த பனியை அடைத்து வைத்திருந்த சீசாவை நீட்டினாள்.

"குடி சார். எங்க ஊட்டுக்காரரு இப்ப கல்லையும் துன்றாரு."

கண்டிப்பாக மறுத்தேன். அவள் நகர்ந்தபின் குடித்தேன்.

மறு மார்கழியில் செடிகள் பூக்கத் தொடங்கின. வெள்ளை. அடுத்த பாத்தியிலும் வெள்ளை. ராஜம்மா களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டு என் பின்னாலேயே வந்தாள்.

"செவப்பு வர்லன்னா என் வேலையும் பூடுமா சார்?"

நான் அடுத்த பாத்திக்கு நடந்தேன். கடைசிப் பாத்தியில் அவள் குனிந்தாள்.

"சார், இங்க வந்து பாரு. இது இன்னா கலரு?"

செம்பூ. பக்கத்தில் இன்னொன்று.

அதன் வழிவந்த விதை எங்கெங்கோ போய் விளைந்தது. வயல்தான் நிலைக்கவில்லை, அங்கே இப்போது தகரக் கூரையிட்ட தொழிற்கூடம். மார்கழிப் பனி அந்தக் கூரையிலும் இறங்குகிறது. அதில் புளிப்பில்லை.