வெள்ளை மட்டும் வேண்டாம்

என் அம்மா எனக்குக் கொடுத்த சீதனத்தில் இன்றுவரை தேயாமல் இருப்பது பயம் ஒன்றுதான். மழை பெய்தால் மண்சரிவு, வெயில் அடித்தால் டெங்கு. போன் அடித்தால் கெட்ட செய்தி, அடிக்காவிட்டால் அதைவிடக் கெட்ட செய்தி. காலையில் மகள் ஸ்கூல் வேனில் ஏறியதிலிருந்து பின்னேரம் அவள் இறங்கும்வரை வயிற்றில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டுதான் கண்டி டவுனில் ஒரு பாமசியில் நின்று மருந்து கொடுக்கிறேன். என் கணவர் இதைச் சொல்லிச் சிரிக்காத நாள் இல்லை. சிரிக்கட்டும். அவருக்கும் சேர்த்துத்தானே நான் பயப்படுகிறேன்.

மகளுக்கு மட்டும் இந்தச் சீதனம் போய்விடக் கூடாது என்று ஒரு வைராக்கியம் எனக்கு இருந்தது. அவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது நடந்த பெற்றோர் கூட்டத்தில் நான் வாயைத் திறந்ததற்குக் காரணம் அதுதான்.

கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி, மடவளைக்குப் போகிற பக்கமாக ஒரு மேட்டில் இருக்கிறது ஸ்கூல். யாரோ குடியிருந்த மாடி வீட்டுக்கு வர்ணம் பூசி, சர்வதேசப் பாடசாலை என்று போர்டு போட்டிருந்தார்கள். வகுப்பில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதனால் எல்லாப் பண்டிகையும் வகுப்புக்கு வரும். அந்த வருடம் புதிதாக ஹாலோவீன் வைக்கப் போவதாகப் பிரின்சிபல் சொன்னார். பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வருவார்கள், விளையாட்டு இருக்கும், இனிப்பு இருக்கும், உலகம் முழுக்கச் செய்கிறார்கள் என்றார். முதல்நாளே கேள்விப்பட்டிருந்த என் கணவர், அல்வா கொடுப்பார்களா என்று கேட்டு முடித்திருந்தார்.

அப்போதுதான் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் எழும்பினார். மடவளையில் சிறிய ஹார்ட்வெயர் கடை வைத்திருப்பவர். அவருடைய மகனும் என் மகளும் வகுப்பில் ஒரே மேசை. நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அதற்கு மேல் பழக்கம் இல்லை. சிங்களத்தில் மரியாதையாக ஆரம்பித்தவர், கோபம் ஏறியதும் தமிழுக்கு வந்துவிட்டார்.

"நோம்புப் பெருநாளைக்கு நாங்க வட்டிலப்பம் கொண்டு வாறோம். தீபாவளிக்கு இந்தத் தங்கச்சி முறுக்கு கொண்டு வாறாங்க. வெசாக்குக்கு வெளிச்சக்கூடு கட்டுறாங்க, நத்தாருக்குக் கேக் வருது. எல்லாத்துக்கும் ஒரு ஊடு ஈக்குது. இது யாருட ஊட்டுப் பெருநாள்?"

தமிழ் தெரிந்த வகுப்பு மிஸ் பிரின்சிபலின் காதில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். நானா அதற்குள் அடுத்ததையும் சொன்னார். சர்ச்சுகளில் குண்டு வெடித்த வருடம் பஸ் ஸ்டாண்டில் வைத்து அவருடைய மனைவியின் முகத்தைத் திறக்கச் சொன்னார்களாம். எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் திறந்தாராம்.

"இப்ப எண்ட மகனுட மொகத்த மூடச் சொல்றீங்க," என்றார்.

அது நியாயம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறு. பன்வில தோட்டத்துப் பாடசாலையில் நான் படித்த காலத்தில் சரஸ்வதி பூசையைத் தவிர எங்களுக்கு ஒரு கொண்டாட்டமும் இல்லை. இருட்டென்றாலும் பேயென்றாலும் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைப்பதுதான் எனக்குத் தெரிந்த மருந்து. என் பிள்ளையாவது பேயின் தோளில் கை போட்டுக்கொண்டு சிரிக்கட்டுமே என்று நினைத்தேன். எழும்பி, "பயத்த வெளையாட்டா பழகிட்டா புள்ளைங்களுக்குப் பயம் தெளிஞ்சிரும்ங்க நானா," என்றேன். ஊருக்கே உபதேசம் செய்கிற தைரியசாலி மாதிரி.

பலர் தலையாட்டினார்கள். விருப்பமில்லாதவர்கள் அன்றைக்குப் பிள்ளையை அனுப்பத் தேவையில்லை, முகமூடியும் கட்டாயமில்லை என்று முடிவானது. நானா என்னைத் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

அடுத்து வந்த நாட்களில் மகள் வீட்டில் ஒத்திகை பார்த்தாள். கதவுக்குப் பின்னால், அலுமாரிக்குப் பக்கத்தில், கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்து, கார்ட்டூன் பேய் மாதிரி "போ" என்று கத்துவாள். ஒவ்வொரு தடவையும் நான் உண்மையாகவே துள்ளுவேன். நடிக்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கறுப்பு அட்டையில் கூம்புத் தொப்பி ஒட்டிக் கொடுத்தேன். நானாவின் மகன் வரமாட்டான் போலிருக்கிறது, அழுகிறானாம் என்று ஒருநாள் சொன்னாள். பிறகு ஒருநாள், அவனுடைய வாப்பா சரி சொல்லிவிட்டார், முகத்தை மட்டும் மூடக் கூடாதாம் என்றாள்.

அந்த நாளில் விடியும்போதே மழை. சாதாரண மழை இல்லை, கூரையைப் பெயர்க்கிற மழை. அனுப்பாமல் விடலாமா என்று நான் இழுத்தேன். தொப்பியோடு வாசலில் நின்றவள் முகத்தைப் பார்த்துவிட்டு அனுப்பினேன்.

பாமசியில் காய்ச்சல்காரர்கள் நிறைந்து நின்றார்கள். போனைப் பையிலிருந்து எடுக்கக்கூட நேரமில்லை. எடுத்துப் பார்த்தபோது ஸ்கூலில் இருந்து அழைப்பு வந்து தவறியிருந்தது. திருப்பி எடுத்தேன், லைன் கிடைக்கவில்லை. வேன்காரருக்கு எடுத்தேன், அவரும் எடுக்கவில்லை. பெற்றோர் வாட்ஸப் குழுவைத் திறந்தேன். பிள்ளைகளை உடனே வந்து கூட்டிப் போகும்படி ஒரு மெசேஜ். அதற்குக் கீழே வகுப்பு மிஸ் ஏதோ அனுப்பி அழித்திருந்தார். அழித்த அடையாளம் மட்டும் இருந்தது.

என்னத்தை எழுதினார், ஏன் அழித்தார்? எழுதிவிட்டு, இதைப் போனில் சொல்லக் கூடாது என்று யோசித்திருப்பாரோ? என் மாதிரி ஆளுக்கு இது போதாதா? முதலாளியிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வெள்ளைக் கோட்டோடேயே ஓடிப்போய் ஒரு த்ரீவீலரில் ஏறினேன்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் நகரவில்லை. கீழே மகாவலி மண்நிறத்தில், ஒரு முழு மரத்தை உருட்டிக்கொண்டு போனது. வேன் தினமும் போகிற பாதையில் எங்கெங்கே மண்மேடு இருக்கிறது, எங்கே மதில் வெடித்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. த்ரீவீலர்க்காரர் ரேடியோவில் பாட்டுப் போட்டுத் தாளம் தட்டிக்கொண்டிருந்தார்.

ஸ்கூல் மேட்டுக்குத் திரும்பினோம். அவர் தாமாகவே ரேடியோவை நிறுத்தினார்.

நிமிர்ந்து பார்த்தேன். மதில் நீளத்துக்கும் கயிறு கட்டி, வாசல் வரைக்கும் வரிசையாக வெள்ளை தொங்கியது. எங்கள் நாட்டில் அதற்கு விளக்கம் யாரும் சொல்லத் தேவையில்லை. சிங்களவர் வீடானாலும் தமிழர் வீடானாலும் பாதையில் வெள்ளைக்கொடி கட்டியிருந்தால் அங்கே ஒரு பிரேதப் பெட்டி இருக்கிறது. பஸ் டிரைவர்கூட ஹோர்ன் அடிக்காமல் போவார். மரண வீடா என்று த்ரீவீலர்க்காரர் சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். என் வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு வேறு ஒன்றும் கேட்கவில்லை. காசை வாங்கும்போது தொப்பியைக் கழற்றிவிட்டார்.

கேட் உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. அதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நானா நின்றார். தலையில் ஹெல்மெட் அப்படியே இருந்தது. உடம்பெல்லாம் தண்ணீர் வழிந்தது. அவர் கேட்டைத் தட்டவில்லை. தட்டினால் யாராவது வந்து சொல்லிவிடுவார்களே. அதே பயம்தான் எனக்கும்.

"யாருட புள்ளயாம் தங்கச்சி?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க நானா," என்றேன்.

முருகா, என் பிள்ளையாக இருக்கக் கூடாது என்று கும்பிட்டேன். அதையே திரும்பத் திரும்பக் கும்பிட்டேன். யாருடைய பிள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வாசலில் நின்றது நாங்கள் இரண்டு பேர்தான். ஹெல்மெட்டுக்குள் அவருடைய உதடுகளும் அசைந்தன. அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் கேட்பது அவருக்கும் தெரிந்திருக்கும். ஒரு கணம் எங்கள் கண்கள் சந்தித்தன. இரண்டு பேரும் உடனே வேறு பக்கம் பார்த்தோம்.

யார் தட்டினோம் என்று நினைவில்லை. குடையோடு செக்யூரிட்டி அங்கிள் வந்து கேட்டைத் திறந்தார். அவருடைய கன்னங்களில் யாரோ கறுப்பு மையால் பூனை மீசை வரைந்திருந்தார்கள். வாங்க வாங்க, நனையாதீங்க என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அவருக்குப் பின்னால், மதிலின் உட்பக்கத்தில் அந்த வெள்ளைகளுக்கெல்லாம் கண்ணும் வாயும் இருந்தன. பெரிய வகுப்புப் பிள்ளைகள் வெள்ளை சொப்பிங் பேக்குகளுக்குள் கடதாசி அடைத்துப் பேய் செய்து, தங்களுக்குத் தெரிகிற மாதிரி உள்பக்கம் முகம் பார்க்கக் கட்டியிருந்தார்கள். பாதைக்குத் தெரிந்தது முதுகு.

மழை கூடியதால்தான் பிள்ளைகளைக் கூட்டிப் போகச் சொன்னார்களாம். மிஸ் அழித்தது ரோல்ஸ் போதாது என்று கென்டீனுக்கு அனுப்ப வேண்டிய மெசேஜாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது நான் பிள்ளைகள் இருந்த ஹோலுக்கு ஓடினேன். உள்ளே எல்லா முகத்திலும் வெள்ளைப் பவுடர், எல்லாத் தலையிலும் கறுப்புத் தொப்பி. பெற்ற பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. செத்தது யாருமில்லை என்று தெரிந்த பிறகும் ஒவ்வொரு தொப்பியாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டு போனேன்.

பின்னாலிருந்து "போ" என்றாள்.

அன்றைக்கு நான் துள்ளவில்லை. துள்ள என்னிடம் ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. அப்படியே பிடித்து அணைத்தேன். தொப்பி நசுங்கிவிட்டது என்று அழுதாள். அழட்டும் என்று இன்னும் இறுக்கினேன்.

தலையைத் தூக்கியபோது கதவடியில் நானாவைப் பார்த்தேன். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். அவர் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன்.

முகத்தை மூடுவதில்லை என்ற சொல்லை மிஸ் காப்பாற்றியிருந்தார். நானாவின் மகனுக்கு முகமூடி இல்லை, பவுடர் இல்லை. மூடாத பேயாக இருக்கட்டும் என்று, தோளிலிருந்து கால்வரை ஒரு வெள்ளை பெட்ஷீட்டைச் சுற்றியிருந்தார். தலையையும் வெள்ளைத் துண்டால் சுற்றி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டிருந்தார். முகம் மட்டும் வெளியே தெரிந்தது. எங்கள் பக்கத்து வீட்டு உம்மா மௌத்தானபோது அந்த மரண வீட்டுக்கு நான் போயிருந்தேன். கபன் துணி சுற்றி முடித்து, கடைசியாகப் பார்க்கிறவர்களுக்காக முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். இதே மாதிரி. முடிச்சுக்கூட இதே இடத்தில்.

கால் கட்டியிருந்ததால் நடக்க முடியாமல், பிள்ளை துள்ளித் துள்ளித் தகப்பனிடம் வந்தான்.

"வாப்பா, மொகத்த மூடல்ல. பாருங்க."

நானா முழங்காலில் உட்கார்ந்து தாடைக்குக் கீழே இருந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இன்னும் இறுகியது. மகளை விடாமல் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தேன். வாசலில் நின்று நான் கேட்டது கிடைத்துவிட்டது என்று ஒரு பயம் என்னைப் பிடித்தது. பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்கிறான், மூச்சு விடுகிறான், கையில் பாதி ரோல்ஸ் இருக்கிறது, எல்லாம் தெரிகிறது. தெரிந்தும் பயம் போகவில்லை. நானா கடைசியில் பல்லால் கடித்துத்தான் முடிச்சை அவிழ்த்தார். பெட்ஷீட்டைச் சுற்றுச் சுற்றாக எடுத்து, மடித்து, மிஸ்ஸிடம் கொடுத்தார். மிஸ்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை, வேஷம் பிடிக்கவில்லையா என்று கேட்டார்.

அடுத்த வருடமும் கூட்டம் நடந்தது, அதே கேள்வி வந்தது. நானாதான் முதலில் எதிர்ப்பார் என்று எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பயம் தெளியும் என்று சொன்ன பெண் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். பள்ளிக்கூடத்துக்குள் எந்தப் பண்டிகையை விடலாம், எதை விடக் கூடாது என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு எல்லாம் விளையாட்டுத்தான். வாசலில் வந்து நிற்கிற எங்களுக்குத்தான் எதுவும் விளையாட்டாக இல்லை.

நானா எழும்பினார். "செய்ங்க. புள்ளைகள் ஆசப்படுறாங்க. வெள்ள மட்டும் வேணாம்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பேய்க்கு வெள்ளை இல்லாமல் எப்படி என்று யாரோ பகிடி விட்டார்கள். கூட்டம் சிரித்தது. நான் மட்டும் கையை உயர்த்தி, நானா சொல்வது சரி என்றேன்.

பிள்ளைகள் இப்போது வேறு வேறு வகுப்பில் இருக்கிறார்கள். ஆனாலும் கேட்டடியில் எங்கே கண்டாலும், எவ்வளவு அவசரத்திலும், நானா மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "மகள் சொகமா ஈக்குதா?" என்று கேட்காமல் போகமாட்டார். நானும், "மகன் நல்லா இருக்காராங்க நானா?" என்று கேட்பேன். நல்ல மனுசர், எவ்வளவு அக்கறை என்கிறார் என் கணவர். அக்கறைதான். ஆனால் அன்றைக்கு அந்த வாசலில் நின்று கேட்டதற்காகத்தான் அவர் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். நானும் அதற்காகத்தான் கேட்கிறேன்.