ஒரே தெரு, ஒரே காமாலை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மழையெல்லாம் ஓய்ந்து பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்த சமயம். எண்ணூர்ப் பக்கம் கடலோரத்தில் ஒரு குப்பம். அங்கே இருக்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.

என் வேலை அப்படி. நான் பல் டாக்டருக்குப் படித்தவள். சொந்தமாக கிளினிக் வைக்க முடியவில்லை, ஒரு மருத்துவக் காப்பீட்டு ஆபீஸில் சேர்ந்துவிட்டேன். இன்சூரன்ஸ் கார்டு வைத்திருக்கும் ஒருவர் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால், இன்னாருக்கு இன்ன வியாதி, சிகிச்சைக்கு அனுமதி வேண்டும் என்று அன்றைக்கே எங்கள் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். பேப்பரைப் பார்த்து அனுமதி கொடுப்போம், இல்லையென்றால் கேள்வி கேட்போம். நோயாளியின் முகத்தைப் பார்க்கிற வேலையே கிடையாது. நான் ராயபுரத்தில் வளர்ந்தவள் என்பதால் வடசென்னை க்ளைம்களை என் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

அந்த வாரம் திருவொற்றியூரில் உள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து மஞ்சள் காமாலை, மஞ்சள் காமாலை என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. எல்லோரும் கன்டெய்னர் யார்டில் ஒரே கான்ட்ராக்டரிடம் வேலை செய்பவர்கள். எல்லோருக்கும் ஒரே குப்பம், கிட்டத்தட்ட ஒரே தெரு. லேப் ரிப்போர்ட்கூட ஒன்றைப் பார்த்து ஒன்றை எழுதினது மாதிரி இருந்தது. எங்கள் தொழிலில் இதைப் பார்த்தால் முதலில் சந்தேகம்தான் வரும். நல்லா இருக்கிற ஆட்களைக் கார்டோடு கூட்டிக்கொண்டு வந்து, கட்டிலில் படுக்க வைத்து பில் போடுகிற கும்பல்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

என் மேலதிகாரியும் ஒரு டாக்டர்தான். ரிட்டயர்மென்ட்டை நெருங்கியவர், எதையும் சட்டென்று நம்பமாட்டார். எல்லா அனுமதியையும் நிறுத்தி வைத்துவிட்டு, "நேர்ல போய்ப் பேசிட்டு வாம்மா. பேசினாலே தெரிஞ்சுடும்" என்றார்.

கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறி, கத்திவாக்கத்தில் இறங்கி, ஒரு ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். தெரு முழுக்க வலை காய்ந்துகொண்டிருந்தது. ரோட்டைத் தோண்டி மண்ணைக் குவித்துப் போட்டிருந்ததால் ஓரமாகவே நடக்க வேண்டியிருந்தது. முதல் வீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா, மீன் விற்றுவிட்டு வந்து அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். யார்டில் வேலை செய்யும் அவருடைய மகன் உள்ளே படுத்திருந்தான்.

எங்கள் ஆபீஸில் சொல்லிக் கொடுத்தபடி ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரியில் எந்த மாடியில் படுத்திருந்தார், பக்கத்துக் கட்டிலில் யார், குளுக்கோஸ் எந்தக் கையில் ஏற்றினார்கள் என்று. படுக்காதவன் இதில் உளறிவிடுவான். அக்கா கொஞ்ச நேரம் பதில் சொன்னார். பிறகு கூடையைக் கீழே வைத்தார்.

"இன்னா மேடம், போலீஸ் மாரி கேக்குற? உங்க ஆபீஸ்ல ஓகே சொல்லலன்னு பாதியிலயே இட்டுகினு வந்துட்டோம் புள்ளய. இப்ப அவன் நடிக்கிறான்னு பாக்க வந்துகீறியா?"

நான் பதில் சொல்வதற்குள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். மகனை எழுப்பி உட்கார வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் அவன் கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் மஞ்சளை அரைத்துப் பூசின மாதிரி இருந்தது.

"இத்த நானா பெயிண்ட் அடிச்சேன்?"

அவன் பாவம், என்னைப் பார்த்து சங்கடமாகச் சிரித்தான். இருபத்தைந்து வயசுப் பையன், எழுந்து உட்கார்ந்ததற்கே மூச்சு வாங்கியது. படித்த காலத்துக்குப் பிறகு அவ்வளவு மஞ்சளான கண்ணை அன்றைக்குத்தான் பக்கத்தில் பார்த்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

அந்தக் கோபத்திலும் அக்கா செய்ததை நான் மறக்கமாட்டேன். பானைப் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றார். "எங்க வூட்டுத் தண்ணி உனுக்கு வாணாம்" என்று சொல்லிவிட்டு, எதிர்க் கடைக்குப் போய் பன்னீர் சோடா வாங்கி வந்து உடைத்துக் கொடுத்தார். ஏன் அக்கா என்று கேட்டேன். தெருவைத் தோண்டினதிலிருந்து தண்ணீர் கலீஜாக வருகிறதாம். காலையில் முதல் இரண்டு குடத்தைக் கீழே ஊற்றிவிட்டுத்தான் பிடிக்கிறார்களாம். அப்புறம் வருவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனாலும் அவருக்கு அதன்மேல் சந்தேகமாம்.

சோடா பாட்டிலை வைத்துக்கொண்டு யோசித்தேன். ஒரே தெரு, ஒரே வியாதி, ஒரே மாதிரி ரிப்போர்ட். ஏமாற்றுகிறவன் இப்படித்தான் இருப்பான் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் தொத்து வியாதியும் அப்படியேதான் இருக்கும்! கல்லூரியில் படித்தபோது தெரிந்த விஷயம்தான். நாள் முழுக்க பில் பார்த்துப் பார்த்து மறந்தே போயிருந்தது.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக் கேள்விகளை விட்டுவிட்டேன். அக்கா முன்னால் நடக்க, வீடு வீடாகப் போய் எங்கே தண்ணீர் பிடிக்கிறீர்கள், யாருக்கெல்லாம் வாந்தி, யாருக்குச் சோறு இறங்கவில்லை என்று விசாரித்தேன். எங்கள் கம்ப்யூட்டரில் வந்த பெயர்களைவிட நிறைய பேர் படுத்திருந்தார்கள். நான் ஆச்சரியப்பட்டதைப் பார்த்து அக்கா சொன்னார்: "கார்டு வெச்சிகினு கீறவன் மட்டும்தான் உனுக்குத் தெரிவான். கார்டு இல்லாதவன்லாம் வூட்லயே படுத்துகினு கீறான். வா, ஒரு புள்ளத்தாச்சிய காட்றேன்."

எதிர் வரிசையில் ஒரு வீடு. எட்டு மாத கர்ப்பிணிப் பெண், இருபது வயசு இருக்கலாம். புருஷன் படகில் கடலுக்குப் போயிருந்தான். மாமியார் கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளை உண்டானதால் வருகிற வாந்தி, அதோடு லேசான காமாலை, இறங்கிவிடும் என்றார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்க்கிறாள், உடனே மூடிக்கொள்கிறாள். என்ன கேட்டாலும் பதில் வர நேரமாகிறது. தண்ணீரில் பரவும் காமாலைகளில் ஒரு வகை, மற்றவர்களைச் சில வாரம் படுத்திவிட்டுப் போய்விடும், கர்ப்பிணிகளை மட்டும் விடாது என்று படித்தது ஞாபகம் வந்தது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். மாமியார் அசையவில்லை. மகன் கரைக்கு வராமல் எப்படி, அங்கே போனால் வயிற்றைக் கிழித்துவிடுவார்கள், காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து ஆகாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் டாக்டர்தான் என்று சொல்லிப் பார்த்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். பல் டாக்டர் என்று சொல்ல வாய் வரவில்லை.

அப்போது அக்காதான் குறுக்கே வந்தார். "உன் புள்ள கரைக்கு வந்து, எம் பொண்டாட்டி எங்கன்னு கேட்டா நீ இன்னா சொல்லுவ? நான் வரேன், இந்த மேடமும் வர்து. கெளம்பு." அவ்வளவுதான். கத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. மாமியார் எழுந்து துணிமணியைப் பையில் எடுத்து வைத்தார்.

ஆட்டோவில் நாங்கள் நான்கு பேர். என் மடியில் அந்தப் பெண்ணின் கால், அக்கா தோளில் அவள் தலை. ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றன. அக்கா வெளியே எட்டிப்பார்த்து ஒவ்வொரு லாரிக்காரரையும் நைனா, கொஞ்சம் ஒதுங்கு நைனா என்று கூவிக்கொண்டே வந்தார். அவர்களும் முடிந்த மட்டும் ஒதுங்கி வழி விட்டார்கள். அரசு ஆஸ்பத்திரியில் பார்த்த உடனேயே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். பெரிய டாக்டரம்மா வெளியே வந்து, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம், இப்போது எங்களால் ஏதாவது செய்ய முடியும் என்றார். மாமியார் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே மேலதிகாரிக்குப் போன் போட்டேன். சார், யாரும் பொய் சொல்லலை, தண்ணிதான் காரணம்னு தோணுது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அனுமதிகளை இப்போதே விடுகிறேன் என்றார். ஆனால் சுகாதாரத் துறைக்குச் சொல்லலாமா என்று கேட்டதற்குத் தயங்கினார். யாருக்கு என்ன வியாதி என்று வெளியே சொல்ல நமக்கு உரிமை இல்லை, நம்மிடம் நம்பிக் கொடுத்தது என்றார். அதுவும் நியாயம்தான்.

மறுநாள் ஆபீஸுக்குப் போனால் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு ஆஸ்பத்திரியோடு நிறுத்தாமல், சுற்றுவட்டாரத்து ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றிலிருந்தும் வந்திருந்த க்ளைம்களைத் தெரு வாரியாகப் பிரித்துப் போட்டிருந்தார். ஒரு இடத்தில் காய்ச்சல், வாந்தி என்று எழுதியிருந்தது, இன்னொரு இடத்தில் வயிற்று வலி என்று. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெருவை வைத்துப் பார்த்தபோது, நான் போயிருந்த தெருவுக்குப் பின்னால் இன்னும் இரண்டு தெரு சேர்ந்து வந்தது. பெயர், வயசு, கார்டு நம்பர் எதுவும் இல்லாமல் தெருவும் வியாதியும் எண்ணிக்கையும் மட்டும் வைத்துக்கொண்டார். மேலிடத்தில் பேசி ஒப்புதல் வாங்கி, மதியத்துக்குள் சுகாதார அதிகாரிக்கு அனுப்பினார்.

அந்த அதிகாரி ஆட்களோடு அன்று மாலையே குப்பத்தில் இருந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். அந்த மூன்று தெருவுக்கும் ஒரே குழாய். தோண்டிய இடத்தில் இணைப்பு விட்டுப்போய், பக்கத்துச் சாக்கடை அதில் கசிந்துகொண்டிருந்தது. குழாயை அடைத்து லாரியில் தண்ணீர் கொடுத்தார்கள், குளோரின் மாத்திரை கொடுத்தார்கள், கார்டு இருக்கிறதா என்று கேட்காமல் வீடு வீடாக ரத்தம் எடுத்தார்கள். அதிகாரி என்னிடம், சின்னச் சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து எங்களுக்குத் தகவல் வந்து சேர ரொம்ப நாளாகும், உங்களுக்கு அட்மிட் ஆன அன்றைக்கே வந்துவிடுகிறதே என்றார். பெருமையாக இருந்தது. கூடவே, அந்த அன்றைக்கே வந்த தகவலை நாங்கள் எதற்குப் பயன்படுத்தினோம் என்று நினைத்துச் சிரிப்பும் வந்தது.

தண்ணீர் சரியான பிறகும் சில வாரம் புதிதாகக் காமாலை வந்துகொண்டுதான் இருந்தது. உடம்புக்குள் போய் ரொம்ப நாள் கழித்து வெளியே தெரிகிற வியாதி அது. ஆனால் வந்தவர்களை உடனே கவனித்தார்கள். பிறகு மெல்லக் குறைந்து நின்றது. அந்தக் குப்பத்தில் யாரும் சாகவில்லை.

தை கடைசியில் அக்கா போன் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா என்றார். அந்தப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. குறைமாதம், எடை கொஞ்சம் கம்மி, ஆனால் அழுகைச் சத்தம் தெருமுனைக்குக் கேட்டது. அப்பன்காரன் குழந்தையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், வழுக்குகிற மீனைப் பிடிப்பது மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றான். அக்காவின் மகனுக்குப் பத்தியம் முடிந்து அன்றைக்குத்தான் முதல் மீன் குழம்பு. மீன் விற்கிற வீட்டில் இத்தனை நாள் மீன் வாசம் பிடித்துக்கொண்டே ரசஞ்சோறு தின்றவன், தட்டைவிட்டு நிமிரவே இல்லை. எனக்கு இறால் தொக்கு தனியாக. நான் போதும் போதும் என்றாலும், "இன்னாமா நீ, கோழி மாரி கொத்திகினு கீற, ஒயுங்கா துன்னு" என்று இலையில் தள்ளிக்கொண்டே இருந்தார் அக்கா.

இப்போதெல்லாம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எங்கள் ஆபீஸிலிருந்து பெயரில்லாமல் தெருவும் வியாதியும் மட்டும் சுகாதார அதிகாரிக்குப் போகிறது. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. எப்போதாவது ஒரு தெரு கண்ணை உறுத்தும். அப்போது அனுப்பிவைக்கிற வரியோடு நானே ஒரு வாக்கியம் சேர்த்துவிடுவேன்: எதிர் வீடுகளையும் பார்க்கவும். எங்களுக்குத் தெரிந்தது பாதிதான், மீதிப் பாதியைக் கதவைத் தட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை, சந்தேகப்பட்டுப் போன என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டியது அந்தக் குப்பம். அப்படி இழுத்ததற்கு நான் இன்றைக்கும் சந்தோஷப்படுகிறேன்.