காவலுக்கு நிற்கிறவள்

ரத்மி பெட்டியைக் காதோரம் வைத்து மெல்லக் குலுக்கிப் பார்க்கிறாள். உள்ளே பால் கேக் உடைந்திருந்தால் ஒரு சத்தம், முழுசாக இருந்தால் வேறொரு சத்தம். பாலித் தீவில், டென்பசார் கடைவீதியில் அந்தக் கடையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குப் பொறுமை போய்க்கொண்டிருக்கிறது.

"குலுக்கினாத்தாம்மா உடையும்."

"உடையட்டும். உன் கடையில உடைஞ்சா அது வெறும் கேக்கு. என் தெருவுல கொண்டுபோய்த் திறந்து உடைஞ்சிருந்தா அது என் மானம்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். ரத்மியிடம் யாராலும் நெடுநேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியாது. குள்ளம், நல்ல பருமன். முக்காட்டைத் தாடைக்குக் கீழே ஊக்கு குத்தி இறுக்கியிருப்பாள். முழங்கை வரை சட்டைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு பேரத்துக்கு வந்து நின்றால் கடைக்காரர்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார்கள். முன்கையில் எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள். ஜாவாவில், மலாங் ஊரில், ஓர் உயர்நிலைப் பள்ளியின் வாசலில் அவளுக்குச் சோற்றுக்கடை இருக்கிறது. கோழிச்சாறு, டெம்பே என்கிற சோயாக்கட்டிப் பொரியல், கண்ணில் நீர் வரவழைக்கும் சம்பல். வருகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தே அரைத்தட்டா முழுத்தட்டா என்று தீர்மானித்துவிடுவாள். "நீ கேக்காதே, நான் போடுறேன்" என்பது அவளிடம் அடிக்கடி வரும் வாக்கியம்.

கடை வாசலில் வாடகை ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் ஹர்ஜோ, அவள் கணவர். மின்விசிறியும் சோறு வேகவைக்கும் குக்கரும் பழுது பார்க்கிறவர். ஒல்லி உடம்பு, சோடாபுட்டிக் கண்ணாடி. கல்யாணத்தன்று 'சரி' என்று சொல்ல ஆரம்பித்தவர், இன்னும் நிறுத்தவில்லை. அவள் அவரை மாஸ் என்கிறாள். அவர் அவளை டிக் என்கிறார். ஜாவாவில் பாதிப் புருஷன் பெண்டாட்டிகள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

"மாஸ், இதையும் கட்டுங்க."

"சரி."

ஸ்கூட்டரின் பின்பக்கம் ஏற்கெனவே ஒரு கோபுரம் எழும்பியிருந்தது. பால் கேக், பூண்டு போட்டு வறுத்த கடலை, காப்பித்தூள், பூப்போட்ட லுங்கித் துணிகள். இதில் ஒரு துரும்புகூட அவளுக்கு இல்லை, அவருக்கும் இல்லை.

ஜாவாப் பக்கத்தில் யாரும் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குக் கிளம்புவதில்லை. வீடு வீடாக ஏறி விடைபெற வேண்டும். அப்போது எல்லாரும் தவறாமல் ஒன்று சொல்வார்கள்: "ஓலே-ஓலே மறந்துடாதீங்க." போன ஊர்ப் பண்டம் வாங்கி வாருங்கள் என்று அர்த்தம். சொன்னவர்கள் கதவைச் சாத்துவதற்குள் அதை மறந்துவிடுவார்கள். அது வெறும் வாய்ச்சொல், 'நல்லபடியா போயிட்டு வாங்க' என்பதைப்போல. ரத்மிக்கு மட்டும் அது கையடித்துக் கொடுத்த சத்தியம். போதாக்குறைக்கு அவள் விடைபெறும் எல்லையும் பெரியது. சந்துக்காரர்கள் முடிந்து, மருந்துக்கடைக்காரர், செருப்புத் தைக்கிறவர், பேருந்து நிலையத்தில் சீட்டு கிழிப்பவர் வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். துணி காயப்போடும் கொடிக்காக இரண்டு வருஷமாகப் பேசாமலிருக்கும் பக்கத்து வீட்டுக்காரியிடமும் மதில் மேலாக, "பாலிக்குப் போறேன், கேட்டுக்க" என்றாள். அவளும் விடவில்லை, "ஓலே-ஓலே மறந்துடாதே" என்றாள். தானாகத் தேடிக்கொண்ட வினை.

"ஒருத்தர் விட்டுப்போனாலும் என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வைப்பேன்?" என்று கேட்பாள். தாளில் எழுதி வைக்கிற பழக்கமெல்லாம் இல்லை. படுத்ததும் கண்ணை மூடிக்கொண்டு, யாருக்கு என்ன என்று முணுமுணுப்பாள். ஹர்ஜோவுக்கு அதுதான் தாலாட்டு.

மகள்தான் அறை பிடித்துக் கொடுத்து இருவரையும் பாலிக்கு அனுப்பி வைத்தாள். 'நீங்க ரெண்டு பேர் மட்டும் போங்க, யாரையும் கூட்டிட்டுப் போகாதீங்க' என்று கண்டிப்பாகச் சொன்னாள். ரத்மி அந்தச் சந்து முழுவதையும் தலையில் வைத்துக் கூட்டிவந்துவிட்டாள் என்பது மகளுக்குத் தெரியாது.

வாரம் முழுக்க ஊர் சுற்றினார்கள். மலை ஏரியில் மிதப்பதுபோல நிற்கும் கோயிலைக் கண்டு ஹர்ஜோ வாய் பிளந்தபோது, ரத்மி மரத்தடியில் பைகளுக்குக் காவல் இருந்தாள். "நம்ம ஊரு அணைக்கட்டு இதைவிடப் பெருசு. நீங்க போய்ப் பாருங்க." அடுக்கு வயலுக்குப் போனார்கள். "எங்க சித்தப்பா வயல் மாதிரியே இருக்கு, இதுக்கா டிக்கெட்டு?" கடற்கரையில் செருப்புகளுக்குக் காவல். அருவியில் துண்டுகளுக்குக் காவல். காவல் காத்த நேரம் போக மிச்சமெல்லாம் கடை.

இன்று காலை, கிளம்புவதற்கு முந்தைய நாள், காப்பிக் கிளாஸை உருட்டிக்கொண்டே ஹர்ஜோ தொண்டையைச் செருமினார்.

"டிக், ஒண்ணு கேக்கட்டுமா?"

ரத்மிக்குப் பகீரென்றது. அவர் எதையும் கேட்கிறவர் இல்லை.

"உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. சாயங்காலம் உலுவத்து கோயிலுக்குப் போலாம். சூரியன் கடல்ல இறங்குறதை உன்கூட நின்னு பாக்கணும்." செல்போனை அவள் பக்கம் தள்ளினார். "எல்லா போட்டோவிலயும் நான் ஒத்தையா நிக்கிறேன். பாக்கிறவங்க, பாவம் பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன்னு நெனைச்சுக்குவாங்க."

ரத்மி வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடிந்தபின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். ஏரி, வயல், அருவி. எல்லாவற்றிலும் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்த ஒல்லி மனிதர், காமிராவைத் தாண்டி யாரையோ தேடுவதுபோல. அவளுக்குச் சுருக்கென்றது.

"சரி," என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டு ஹர்ஜோவே கொஞ்சம் திடுக்கிட்டுப்போனார். "காலையில ஒரே ஒரு கடை. அதுக்கப்புறம் கடைப்பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டேன்."

அந்த ஒரே ஒரு கடைதான் டென்பசார் பால் கேக் கடை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கோபுரத்தோடு கிளம்பினார்கள். நேரம் நிறைய இருந்தது. ரத்மி பின்னால் உட்கார்ந்து ஒரு கையால் பெட்டிகளையும் மறு கையால் ஹர்ஜோவின் சட்டையையும் பிடித்திருந்தாள். பாதித் தூரம் வாயே திறக்கவில்லை. ஹர்ஜோவுக்கு அதுவே பயமாக இருந்தது.

ஜிம்பரான் தாண்டியதும் பின்னாலிருந்து ஓர் அலறல்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க மாஸ்!"

"என்ன, விழுந்துடுச்சா?"

"மசூதிப் பாய் தொவைக்கிற அக்காவை விட்டுட்டேன்!"

ஹர்ஜோ வானத்தைப் பார்த்தார். சூரியன் சாய ஆரம்பித்திருந்தது. "சரி," என்றார். நிறுத்தினார். ரத்மி சாலையோரக் கடைக்குள் ஓடினாள், பேரம் பேசவில்லை, குலுக்கிக்கூடப் பார்க்கவில்லை. அவள் வாழ்க்கையிலேயே விரைவாக முடிந்த வியாபாரம் அதுதான். ஆனாலும் திரும்பி வருவதற்குள் சாலை அடைத்துக்கொண்டுவிட்டது. வெள்ளைக்காரர்களை ஏற்றிய வண்டிகள் எல்லாம் அதே சூரியனைப் பார்க்கத்தான் ஊர்ந்துகொண்டிருந்தன.

"என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்," என்றாள் ரத்மி.

"போயிடலாம், போயிடலாம்," என்றார் ஹர்ஜோ. குரலில் உற்சாகம் இல்லை.

கோயில் வண்டி நிறுத்தத்தில் இறங்கியபோது வெளிச்சம் பொன்னிறமாகிவிட்டது. பக்கத்து ஸ்கூட்டரின் இருக்கை மேல் ஒரு தாட்டியான குரங்கு சப்பணமிட்டு உட்கார்ந்து, இருக்கையின் பஞ்சைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தது. ரத்மியின் கோபுரத்தைக் கண்டதும் அந்த வேலையை விட்டது.

வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர் கையை விரித்தார். "தின்பண்டமா? நான் பொறுப்பில்லம்மா. அண்ணே, அந்தக் கண்ணாடியையும் கழட்டிப் பையில போடுங்க. கண்ணாடின்னா இதுங்களுக்கு உசுரு. நேத்து ஒருத்தரோடதைப் பிடுங்கிக் கடல்ல வீசிடுச்சு."

ஹர்ஜோ கண்ணாடியைக் கழற்றினார். உடனே முகம் சின்னதாகி, பிள்ளை முகம்போல ஆகிவிட்டது.

ரத்மிக்கு வாயில் தானாக வந்தது. "நீங்க போங்க மாஸ். நான் இங்க காவலுக்கு நிக்கிறேன்."

ஹர்ஜோ 'சரி' சொல்லவில்லை. அவள் நின்ற திசையில் பார்த்தார்.

"கண்ணாடி இல்லாம எனக்குச் சூரியனும் பொரிச்ச முட்டையும் ஒண்ணுதான். இருந்தாலும் வந்தாச்சு, போய் நின்னுட்டு வரேன்," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். கோயில் வாசலில் கொடுத்த மஞ்சள் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, படிகளைக் காலால் துழாவிக்கொண்டே ஏறினார். நல்ல உயரமான மனிதர். முதுகு கூனிப்போயிருந்தது.

ரத்மி பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் குரங்கைத் திட்டினாள். அப்புறம் கயிற்றை அவிழ்த்தாள். அடுக்கு மொத்தத்தையும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, மோவாயால் மேல்பெட்டியை அழுத்திக்கொண்டு, மூச்சு இரைக்கப் படியேறினாள். "வழி, வழி" என்று அவள் கத்தியதில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பமே சுவரோடு ஒட்டிக்கொண்டது. குரங்கு அவசரமில்லாமல் பின்னால் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் உறவினர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பாறை முனையில், கைப்பிடிச் சுவரோரம் ஹர்ஜோ நின்றிருந்தார். கீழே கடல். எதிரே சூரியன் தண்ணீரைத் தொடப்போகிற நிலை. அவர் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடியை எடுங்க," என்றாள் ரத்மி.

"டிக்! வந்துட்டியா? கொரங்கு பிடுங்கிடும்."

"எடுங்கன்னா எடுங்க."

பெட்டிகளைத் தரையில் வைத்தாள். அவருக்குப் பின்னாலிருந்த கல்படியில் ஏறி நின்றாள், அப்போதும் எக்க வேண்டியிருந்தது. கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டி, இரண்டு காதோரமும் இரண்டு உள்ளங்கைகளை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தெருவில் அவர் பக்கத்தில் நடக்கவே கூச்சப்படுகிறவள், அத்தனை பேர் நடுவில் தாடையை அவர் தோளில் வைத்தாள்.

"தெரியுதா?"

"தெரியுது. அப்பா, எவ்வளவு பெருசு! நீ பாக்கிறியா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் காலடியில் அட்டை கிழியும் சத்தம் கேட்டது.

"அம்மா, உங்க பெட்டி! பெட்டி!" என்று யாரோ கத்தினார்கள்.

ஹர்ஜோ தலையைத் திருப்ப முயன்றார். "டிக், பெட்டியை..."

"பேசாம நேராப் பாருங்க," என்றாள் ரத்மி. கடலை உருண்டோடியது, காப்பித்தூள் மணந்தது, காலுக்குக் கீழே பெரிய விருந்தே நடந்துகொண்டிருந்தது. அவள் குனியவில்லை, இரண்டு கைகளில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை.