சுண்டுவிரலுக்கு ஒரு ஹேண்டில்பார்

பல்செட் செய்கிறவர்களுக்குச் சுண்டுவிரல்தான் சோறு போடுகிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். மற்ற விரல்கள் எல்லாம் மெழுகுச் சூட்டிலும் அரத்தின் தேய்ப்பிலும் காய்த்துப்போய்விடும். சுண்டுவிரலை மட்டும் எந்த வேலையிலும் விடாமல் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள், கடைசியில் ஒரே ஒரு காரியத்துக்காக. செட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கி முடித்ததும், ஈறு படும் உட்பக்கத்தை அந்த விரல் நுனியால் மெல்லத் தடவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத முனை ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் விரல் சொல்லிவிடும். விரல் சொல்லாமல் விட்டால், போட்டுக்கொள்கிறவரின் ஈறு சொல்லும்.

நம் பல்லு மாஸ்டருக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் அந்தச் சுண்டுவிரல் மரத்துப்போனது. வலது கையில் ஆரம்பித்து இடது கைக்கும் வந்தது. முதலில் காலையில் மட்டும் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பிறகு பகல் முழுக்க இருந்தது. பிறகு எறும்பும் போய்விட்டது. மெழுகு உருக்கும் விளக்கில் சுண்டுவிரல் பட்டுக் கருகிய வாடை வந்த பிறகுதான் ஒரு நாள் கையை இழுத்தார்.

அதற்குள் ஒரு செட் திரும்பி வந்திருந்தது. யாரோ ஒரு பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவின் ஈறைக் கிழித்துவிட்டதாம். ஒவ்வொரு செட்டின் டப்பாவிலும் செய்தவர் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கும், தப்பிக்க வழியில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவர் சீட்டோடு திரும்பி வந்த முதல் டப்பா அது. அவர் வேலை செய்கிற பல்செட் லேபின் முதலாளி திட்டவில்லை. டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, "வயசாகுது மாஸ்டர், பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்று மாஸ்டருக்குத் தோன்றியது.

டாக்டர் அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன வேலை, எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டார். சைக்கிள் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். "குனிஞ்சு ஓட்டுற சைக்கிளா? உடம்பு பாரம் பூரா உள்ளங்கையில இறங்குது. அங்க ஓடுற நரம்பு நசுங்கிப்போச்சு. சைக்கிளை விடுங்க, மூணு நாலு மாசத்துல திரும்பலாம். விடலைன்னா திரும்பாது."

சைக்கிளை விடுவதா? அது முடிகிற காரியமா என்று டாக்டருக்குத் தெரியாது, நமக்குத் தெரிய வேண்டும். வீட்டில் மாஸ்டரின் மனைவி படுக்கையில் இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. விழுங்குவதும் கஷ்டம். ஒரு வாய் ஊட்டி, அது இறங்கும்வரை காத்திருந்து, அடுத்த வாய் ஊட்ட வேண்டும். ஒரே மகள் கடல் தாண்டி இருக்கிறாள், வாரம் ஒரு போன். பக்கத்து வீட்டார் எல்லாரும் காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள். எனவே மாஸ்டர் தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு லேபிலிருந்து கிளம்பி, நாலு கிலோமீட்டர் மிதித்து, அவளுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, இரண்டு மணிக்குள் திரும்பி வருவார். நடுவில் ரயில் தண்டவாளம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடைபாலத்தில் ஏறி இறங்கிவிடலாம். மோட்டார் வண்டியோ பஸ்ஸோ என்றால் ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், போகவே முக்கால் மணி நேரம். இரண்டு மணிக்கு மேல் வந்தால் அரை நாள் லீவு என்பது லேபின் சட்டம்.

சைக்கிள்கடைக்காரர் மாஸ்டரை விடப் பத்து வயது மூத்தவர், வாய்த்துடுக்கு. மாஸ்டர் விஷயத்தைச் சொன்னதும், உட்கார்ந்த இடத்திலிருந்தே மேலே கையைக் காட்டினார். உத்தரத்திலிருந்து மூன்று ஹேண்டில்பார்கள் தொங்கின, மூன்றும் மேலே எழும்பி ஓட்டுகிறவரை நோக்கிப் பின்னால் வளைந்தவை. ஒன்று லேசாக வளைந்தது. ஒன்று பாதி. மூன்றாவது தள்ளுவண்டியின் கைப்பிடி மாதிரி நேராக இடுப்புக்கே வந்தது.

"நிமிந்து உக்காந்து ராஜா மாதிரி போகலாம். பாரம் கையை விட்டுட்டு உக்கார்ற இடத்துக்குப் போயிடும். எது வேணும்?" என்றார் கடைக்காரர்.

"அதைத்தான் அண்ணே அளக்கணும்" என்று சொல்லி, மாஸ்டர் பையிலிருந்து ரோஜா நிற மெழுகுத் தகடு இரண்டை எடுத்தார். கடைக்காரரின் டீ டம்ளரில் அவற்றை நனைத்து இளக்கி உருட்டினார். ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, தோளைத் தளர்த்தி, கைகளை அவை விழுகிற வாக்கில் முன்னால் நீட்டி மெழுகைப் பிடித்தார். வாய்க்கு அளவெடுக்கிறவருக்கு வேறு எப்படி அளவெடுக்கத் தெரியும்? ஆறியதும் பார்த்தால் இரண்டு உருளைகளும் பக்கவாட்டில் கிடக்கவில்லை, நுனிகள் அவர் பக்கமாகச் சாய்ந்திருந்தன. அப்படியே அவற்றை ஹேண்டில்பார்களோடு வைத்துப் பார்த்தார்கள். நடுவில் தொங்கிய பாதி வளைவு கச்சிதமாகப் பொருந்தியது.

"டீயைக் கெடுத்தாலும் வேலை சுத்தம்" என்றார் கடைக்காரர். பிரேக் வயரை நீளமாக மாற்றி, அகலமான சீட்டும் போட்டுக் கொடுத்தார். திருப்பும்போது முழங்காலில் இடிக்கிறதா என்று கடை வாசலில் எட்டுப் போட வைத்தார். இடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்து வீட்டுக்குப் போனார். கழுத்து வலிக்கவில்லை. மணிக்கட்டு மடங்கவில்லை. எதிரே வருகிறவர்களின் முகங்கள் தெரிந்தன. யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு உண்டு. வழியெல்லாம் பல்லைப் பார்த்துக்கொண்டே போனார். வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், "இனி கவலை இல்லம்மா" என்றார். அவள் பாதி வாயால் சிரித்தாள். அவளுடைய சிங்கப்பல் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும். கல்யாணமான புதிதில் அதை ராவிச் சரிசெய்து தர முடியுமா என்று அவள் கேட்டதற்கு, கை வைத்தால் தொலைத்துவிடுவேன் என்று சொன்னவர் மாஸ்டர்.

மறுநாள் மத்தியானம்தான் குட்டு வெளிப்பட்டது. தண்டவாளத்தை ஒட்டிய மேட்டுச் சாலையில் அந்த நேரத்துக்கு எதிர்காற்று அடிக்கும். குனிந்து போனவரைக்கும் காற்று முதுகின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. நிமிர்ந்து உட்கார்ந்தவரின் நெஞ்சில் அது கையை வைத்துத் தள்ளியது. பதினெட்டு நிமிஷத்தில் போன வழிக்கு இருபத்து நாலு நிமிஷம் ஆனது. திரும்பும்போது காற்று உதவினாலும், நிமிர்ந்தபடி மிதியை அழுத்த முடியாமல் அதே நேரம்தான் ஆனது. மணிக்கட்டை அளந்தார், வளைவை அளந்தார், மெழுகெல்லாம் போட்டு அளந்தார், நேரத்தை அளக்க மறந்துபோனார் மனுஷன். ஊட்டுவதற்கு இருபத்து நாலு நிமிஷம் இருந்த இடத்தில் இப்போது பன்னிரண்டு நிமிஷம்.

பன்னிரண்டு நிமிஷத்தில் அவளுக்கு ஊட்ட முடியாது. நான்கு நாள் முயன்றார். கை அவசரப்பட்டது, "முழுங்கும்மா, முழுங்கு" என்று வாயும் அவசரப்பட்டது. ஐந்தாம் நாள் அவளுக்குப் புரையேறியது. முகம் நீலம் பாரித்து, கண் மேலே செருகியது; மாஸ்டர் அவளைக் கவிழ்த்துப்போட்டு முதுகில் அடித்தபோது அவருக்கு உயிரே இல்லை. மூச்சு வந்த பிறகு அவள் முதலில் பேசியது இதுதான்:

"நாளையிலேருந்து மத்தியானம் வராதீங்க."

"பழைய ஹேண்டில்பாரை மாட்டிக்கறேன்."

"மாட்டினா விரல் போயிடும். விரல் போனா வேலை போயிடும். அப்புறம் ரெண்டு பேரும் என்ன பண்றது? ஃப்ளாஸ்க்குல கஞ்சி வெச்சுட்டுப் போங்க. இடது கை இருக்குல்ல, நானே பாத்துக்கறேன்."

அவர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதற்காகத் தன்னையே வெறுத்தார். மத்தியானம் ஒரு மணிக்கு லேபில் மற்றவர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது இவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், சாப்பாடு இறங்காது.

இன்னொரு ஏற்பாடும் நடந்தது, அது யாருக்கும் தெரியாது. விரல் திரும்பும்வரை செட்டை யார் தடவிப் பார்ப்பது? சக ஊழியர்களிடம் கொடுத்தால் விஷயம் முதலாளி காதுக்குப் போய்விடும். மாஸ்டர் அன்றன்றைக்கு முடித்த செட்டுகளைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார். அவள் இடது கை விரல் நுனியால் மெதுவாகத் தடவுவாள். "இங்க குத்துது" என்பாள். அவர் அந்த இடத்தில் சின்ன அரத்தை ஓட்டுவார். மறுநாள் லேபில் கழுவி, மருந்தில் ஊறவைத்து அனுப்பிவிடுவார். ஏழு வாரம் ஒரு டப்பாவும் திரும்பி வரவில்லை. ஏழாவது வாரக் கடைசியில், சட்டைப் பொத்தானைப் போடும்போது சுண்டுவிரலில் ஏதோ சுருக்கென்றது. ஆசையில் தோன்றுகிறது என்று நினைத்து அவளிடம்கூடச் சொல்லவில்லை.

ஒன்பதாவது வாரம் ஒரு செட் திரும்பி வந்தது. இந்தத் தடவை ஈறு மட்டுமில்லை, நாக்கின் ஓரமும் கிழிந்திருந்தது. செட்டைப் போட்டுக்கொண்டவரின் மகன் லேபுக்கே வந்து கத்திவிட்டுப் போனார். முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அவர் கெட்டவர் இல்லை, அதனால்தான் மாஸ்டரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இதுக்கு மேல என்னால முடியாது மாஸ்டர். நாளையிலேருந்து வர வேண்டாம்."

மாஸ்டர் வெள்ளைக் கோட்டை மடித்து வைத்துவிட்டு, அந்தச் செட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மேட்டுச் சாலையில் அழுதுகொண்டே ஓட்டினார். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவரால் அழுகையை மறைக்க முடியாது, எதிரே வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

வீட்டுக்குள் நுழையும்போது அழுகை போய்க் கோபம் வந்திருந்தது. இரண்டு வருஷத்தில் அவள் மேல் வந்த முதல் கோபம். செட்டைக் கட்டிலில் வைத்தார்.

"இதை நீதானே தடவிப் பாத்தே? நல்லா இருக்குன்னு சொன்னியே?"

அவள் இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கையைக் காட்டு."

காட்டவில்லை. அவரே போர்வையை விலக்கி அந்தக் கையைத் தன் கைக்குள் எடுத்தார். அவருடைய சுண்டுவிரல் அவளுடைய விரல் நுனிகளின் மேல் விழுந்தது. தோல் தடித்து, வறண்டு, ஓரங்களில் வெடித்திருந்தது. ஆட்காட்டி விரல், நடுவிரல், பாதி உள்ளங்கை. வெந்து கொப்புளித்து உடைந்து காய்ந்த தோல். அறையில் விளக்குப் போடவில்லை, அவர் கண்ணால் எதையும் பார்க்கவில்லை.

"எப்போ?"

"பதினொரு நாளாச்சு. ஃப்ளாஸ்க்கை முழங்கால் இடுக்குல வெச்சுத் திருகினேன், சரிஞ்சு கொட்டிடுச்சு."

"ஏம்மா சொல்லலை?"

"சொன்னா நீங்க பழைய ஹேண்டில்பாரை மாட்டிக்கிட்டு மத்தியானம் ஓடி வருவீங்க." அவள் மூச்சு வாங்கினாள். "அதுக்கப்புறம் போர்வைக்குள்ள வெச்சுத்தான் தடவினேன், ஒண்ணும் தெரியலை. உத்தேசமா நல்லா இருக்குன்னு சொல்லிட்டு இருந்தேன். திட்டினாங்களா?"

மாஸ்டர் அவள் கையை விடவில்லை. சுண்டுவிரல் இன்னும் அந்த வெடிப்பின் மேல்தான் இருந்தது. அவள் திடீரென்று தலையைத் திருப்பி அதைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? சுண்டுவிரல்லயா?"

"ம்."

பாதி முகம் முழுக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்படி அவள் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

"அப்போ நாளைக்கு லேப்லயே நீங்களே தடவிப் பாத்துக்கலாம்."

மாஸ்டர் இருட்டில் தலையை ஆட்டினார். "பாத்துக்கலாம்" என்றார்.